ஒன்பது நாள் இரைச்சல்: வாயேஜர் பயணமும் இரண்டு வகை ஹெட்செட்டும்

1986 டிசம்பர் 14, காலை 8 மணி 1 நிமிடம். கலிஃபோர்னியாவின் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் வாயேஜர் ஓடத் தொடங்கியது. இறக்கைகளுக்குள் நிரப்பியிருந்த எரிபொருளின் கனத்தில் அவற்றின் நுனிகள் தரையில் உரசிக்கொண்டே போயின. 15,000 அடி ஓடுபாதையில் 14,200 அடியைத் தின்ற பிறகுதான் விமானம் மேலே எழும்பியது. உரசலில் சிதைந்த நுனித் தகடுகள் கொஞ்ச நேரத்தில் கழன்று விழுந்தன. உள்ளே இருந்தவர்கள் இருவர்: டிக் ரூட்டன், ஜீனா யேகர். வழியில் எங்கும் இறங்காமல், வானில் வைத்தும் எரிபொருள் வாங்கிக்கொள்ளாமல் உலகைச் சுற்றிவிட்டு, 9 நாள் 3 நிமிடம் 44 விநாடி கழித்து, டிசம்பர் 23 அன்று அதே தளத்தில் இறங்கினார்கள்.

இந்தப் பயணத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் எரிபொருளைப் பற்றித்தான் எழுதுவார்கள். நியாயம்தான். ஏற்றிக்கொண்டு போனது சுமார் 3,180 கிலோ, இறங்கும்போது மிஞ்சியது 48 கிலோ. ஆனால் என் கவனம் எப்போதும் அவர்கள் தலையில் மாட்டியிருந்த சாதனத்தின் மேல்தான் போகும். அந்த நாளில் எந்தக் கடையிலும் வாங்க முடியாத, போஸ் நிறுவனத்தின் முன்மாதிரி ஹெட்செட்டுகள் அவை. ஆக்டிவ் முறையில் இரைச்சலைக் குறைப்பவை. செவித்திறன் போய்விடக் கூடாது என்பதற்காகவே அவை அந்தப் பயணத்தில் சேர்க்கப்பட்டன.

ஹெட்செட்டில் இரைச்சலைக் குறைக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, காதைக் கிண்ணம் போல மூடி வெளிச் சத்தத்தை உள்ளே விடாமல் தடுப்பது, இது பாஸிவ். இன்னொன்று, மூடியதோடு நிற்காமல், கிண்ணத்துக்குள் ஒரு மைக்கை வைத்து, உள்ளே நுழைந்துவிட்ட சத்தத்தைக் கேட்டு, அதற்கு நேர் எதிரான ஒலியை எழுப்பி அடக்குவது. இது ஆக்டிவ், விமானிகள் பேச்சில் ஏஎன்ஆர். விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளச் சேரும் எல்லோரும் முதல் மாதமே கேட்கும் கேள்வி, இரண்டில் எதை வாங்குவது என்பது. அந்தக் கேள்வி, இரண்டும் ஒரே வேலையை இரண்டு தரத்தில் செய்கின்றன என்ற நினைப்பிலிருந்து பிறக்கிறது. அப்படி இல்லை. இரண்டும் செய்வது வேறு வேறு வேலை. அது வேறு எங்கேயும் விட வாயேஜரின் அறையில்தான் துலக்கமாகத் தெரிகிறது.

இரண்டு எஞ்சினுக்கு நடுவே

வாயேஜரை வடிவமைத்தவர் டிக்கின் தம்பி பர்ட் ரூட்டன். ஒரு இறக்கை நுனியிலிருந்து மறு நுனிவரை 33.8 மீட்டர். ஆனால் ஆட்கள் இருக்கும் இடமோ படுக்க வைத்த டெலிபோன் பூத் அளவுதான். ஒருவர் ஓட்டினால் மற்றவர் பக்கத்தில் படுத்துக் கிடக்க வேண்டும். அறைக்கு முன்னால் 130 குதிரைத்திறன் கொண்ட ஒரு கான்டினென்டல் எஞ்சின், பின்னால் 110 குதிரைத்திறனில் இன்னொன்று. கனம் அதிகமாக இருந்த தொடக்க நாட்களில் இரண்டும் ஓடின. பாரம் குறைந்த பிறகு முன் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பின் எஞ்சினை மட்டும் வைத்துக்கொண்டு போனார்கள். எப்படிப் பார்த்தாலும், ஓடுகிற எஞ்சினுக்கும் தலைக்கும் நடுவில் பெரிய தூரம் கிடையாது.

சுவராவது தடுத்திருக்குமா? எரிபொருள், எஞ்சின், கருவிகள் எல்லாவற்றையும் கழித்துவிட்டால் அந்த விமானத்தின் வெறும் கூடு 426 கிலோதான். நடுவில் தேன்கூடு போன்ற தாள் அமைப்பு, அதன் இரு பக்கமும் கார்பன் இழைத் தோல். இறகு மாதிரி எடை, இரும்பு மாதிரி விறைப்பு. பறப்பதற்கு அது வரம். சத்தத்தைத் தடுப்பதற்கு அதைவிட மோசமான சுவர் கிடையாது. ஏனென்றால் சத்தத்தைத் தடுப்பது எடை. ஒரு சுவரின் எடையை இரட்டிப்பாக்கினால் தடுப்பு சுமார் 6 டெசிபல் கூடும். ஒலியின் அதிர்வெண்ணை இரட்டிப்பாக்கினாலும் அதே 6 கூடும். இதைத் திருப்பிப் படித்தால்தான் விஷயம் புரியும்: சுவர் எவ்வளவு லேசோ, சத்தம் எவ்வளவு கனத்த குரலோ, அவ்வளவு சுலபமாக அது உள்ளே வந்துவிடும். ஒரு கிலோ கூடினாலும் அதைத் தூக்க எரிபொருள் வேண்டும் என்று ஒவ்வொரு கிராமையும் எண்ணிக் கட்டிய விமானத்தில் ஒலித்தடுப்புப் பலகை வைக்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள். ஆக, சுவர் செய்ய வேண்டிய வேலை முழுக்க ஹெட்செட்டின் தலையில் வந்து விழுந்தது.

எவ்வளவு வேலை? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்கத் தொழில்சார் உடல்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் தரும் வரம்பு, ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல். சத்தம் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் இருக்கக்கூடிய நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வந்தால் மிஞ்சுவது 15 நிமிடம். ஒரு சிறு பிஸ்டன் விமானத்தின் அறையை 100 என்று வைத்துக்கொள்வது மிகையான கற்பனை அல்ல. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவருக்குக் காது இரவில் ஓய்வெடுக்கும். வாயேஜரில் அந்த ஓய்வு இல்லை. தூங்குவதும் அதே சத்தத்துக்குள்தான். 24 மணி நேரமும் தொடர்ந்தால் அதே கணக்கில் வரம்பு 80 டெசிபலுக்கு இறங்கிவிடும். அதாவது குறைந்தது 20 டெசிபலை, ஒன்பது நாளும், தூக்கத்திலும் சேர்த்து, விடாமல் குறைத்தாக வேண்டும்.

20 டெசிபல் என்பது காகிதத்தில் சின்ன எண். நல்ல பாஸிவ் ஹெட்செட் எதுவும் அதைத் தாண்டும் என்று அதன் பெட்டியிலேயே போட்டிருக்கும். அப்புறம் என்ன பிரச்சினை?

எண்பது ஹெர்ட்ஸ்

நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 2,400 சுற்று ஓடுகிறது என்போம். விநாடிக்கு 40 சுற்று. நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். நான்கு சிலிண்டருக்குமாக விநாடிக்கு 80 வெடிப்பு. அதே எஞ்சினில் இரண்டு அலகுள்ள புரொப்பெல்லர் இருந்தால், ஒரு சுற்றுக்கு இரண்டு அலகு கடக்கும். அதுவும் விநாடிக்கு 80, அதாவது 80 ஹெர்ட்ஸ். எஞ்சினும் புரொப்பெல்லரும் ஒரே சுருதியில் சேர்ந்து பாடுகின்றன. வாயேஜரின் இரண்டு எஞ்சின்களும் நான்கு சிலிண்டர்தான், இரண்டு அலகுதான். சுற்றைக் குறைத்து 2,000-இல் ஓட்டினால் அந்தக் குரல் 67 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். எப்படியும் இரைச்சலின் அடித்தளம் இந்த வட்டாரத்தில்தான் இருக்கும்.

80 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 4.3 மீட்டர். அறையை விடப் பெரிய அலை. உள்ளங்கையைக் காதில் வைத்து அழுத்தினால் காற்றின் சீறல் நின்றுவிடும், இந்த உறுமல் நிற்காது. அதைக் காதால் கேட்கிறோமா, நெஞ்சால் கேட்கிறோமா என்றே சொல்வது கடினம்.

கிண்ணமும் மெத்தையும்

பாஸிவ் ஹெட்செட்டின் இலக்கணத்தை எழுதியது மாசசூசெட்ஸின் வொர்செஸ்டர் நகரத்து டேவிட் கிளார்க் நிறுவனம். விமானிகளுக்கான அழுத்த உடைகள் தைத்துக் கொடுத்த அதே நிறுவனம். அவர்களுடைய பச்சைக் கிண்ண ஹெட்செட் இன்றைக்கும் உலகம் முழுக்கப் பயிற்சி விமானங்களில் தொங்குகிறது. அதன் வேலை எளிமையானது, கௌரவமானது. கனமான ஒரு பிளாஸ்டிக் கிண்ணம், உள்ளே நுரை, விளிம்பில் மெத்தை, இரண்டையும் தலையோடு சேர்த்துப் பிடிக்க ஒரு எஃகுப் பட்டை. பேட்டரி கிடையாது, மின்சுற்று பழுதாகிற கவலை கிடையாது. கீழே போட்டாலும் உடையாது.

2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இந்தக் கிண்ணத்தை மிஞ்ச ஆள் இல்லை. 30, 40 டெசிபல் குறைத்துவிடும். அதற்கு மேல் குறைத்தும் பயனில்லை. மண்டையோட்டு எலும்பு வழியாகவே சத்தம் உள்காதுக்குப் போய்ச் சேரும். கீழ் அதிர்வெண்ணில்தான் சிக்கல். அங்கே கிண்ணம் சுவராக நடந்துகொள்வதில்லை. மெத்தையும் உள்ளே அடைபட்ட காற்றும் ஒரு ஸ்பிரிங் மாதிரி, கிண்ணம் அதன் மேல் உட்கார்ந்த எடை மாதிரி ஆகிவிடுகிறது. நூறு, இருநூறு ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் வெளியே இருக்கும் அழுத்தம் அலைய, கிண்ணமும் மொத்தமாகச் சேர்ந்து முன்னும் பின்னும் அலைகிறது. அந்த அசைவே உள்ளே ஒரு ஸ்பீக்கர் போல வேலை செய்கிறது. 125 ஹெர்ட்ஸில் பத்து, பதினைந்து டெசிபல் கிடைத்தால் அது நல்ல கிண்ணம்.

இதைச் சரிசெய்ய இரண்டு வழிதான்: கிண்ணத்தைக் கனமாக்கு, அல்லது பட்டையை இறுக்கு. இரண்டையும் தலைதான் தாங்க வேண்டும்.

நான் கண்ணாடி போடுகிறவன். செஸ்னா 172 என்ற சிறு பயிற்சி விமானத்தில் முதல்முறை பாஸிவ் ஹெட்செட் மாட்டிக்கொண்டபோது, ஒரு மணி நேரம் கழித்துக் கழற்றியதும் காதுக்கு மேலே கண்ணாடியின் கை அழுந்திய இடத்தில் ஒரு சிவந்த கோடு இருந்தது. தொட்டால் வலித்தது. அடுத்த முறை வலிக்கிறதே என்று பட்டையைக் கொஞ்சம் தளர்த்தினேன். வலி போய்விட்டது, உறுமல் வந்துவிட்டது. என்ன நடக்கிறது என்று பார்க்க, பறக்கும்போது கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன். வலது காதில் யாரோ கதவைச் சாத்தினாற்போல இருந்தது. கண்ணாடியின் கை மூன்று மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். அது மெத்தையைத் தூக்கிப் பிடித்த அந்தச் சிறு இடுக்கு வழியாகத்தான் அவ்வளவும் வந்துகொண்டிருந்தது. இடுக்கு முதலில் கெடுப்பது கீழ் அதிர்வெண்ணைத்தான். கிண்ணம் ஏற்கெனவே பலவீனமாக இருக்கும் அதே இடத்தை.

ஒரு மணி நேரத்துக்கே இப்படி. டிக் ரூட்டனுக்கும் ஜீனா யேகருக்கும் 216 மணி நேரம். அதற்கு முன் 1986 ஜூலையில் கலிஃபோர்னியக் கடலோரமாகவே மேலும் கீழும் சுற்றி 111 மணி 44 நிமிடம் பறந்து பார்த்திருந்தார்கள்; நான்கரை நாளுக்கு மேல். அந்த அறையில் இருப்பது என்றால் என்ன என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். படுத்துத் தூங்கும்போது ஒரு பக்கக் கிண்ணம் தலைக்கும் தரைக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும், விலகும், இடுக்கு விழும். அழுத்தத்தைக் கூட்டித்தான் அமைதி வாங்க முடியும் என்றால், ஒன்பது நாளைக்குத் தேவையான அமைதியை வாங்க எந்தத் தலையாலும் முடியாது. பாஸிவ் முறையின் எல்லை இயற்பியலில் பாதி, மனித மண்டையில் பாதி.

எதிர் ஒலி

சத்தத்தைச் சத்தத்தால் அழிக்கலாம் என்ற யோசனை புதியது அல்ல. ஜெர்மனியின் பால் லூக் 1936-இலேயே அதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றுவிட்டார். 1953-இல் ஹாரி ஆல்சனும் எவரெட் மேயும் ஒரு மைக்கையும் ஸ்பீக்கரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தலைக்கு அருகில் ஒரு சிறு அமைதி வட்டத்தை உண்டாக்கிக் காட்டினார்கள். அதே பத்தாண்டில் வில்லார்ட் மீக்கர் அதைக் காதுக்கிண்ணத்துக்குள் கொண்டுவந்தார். சுமார் 50 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை, அதிகபட்சம் 20 டெசிபல். எல்லாம் சோதனைச்சாலையோடு நின்றன. தலையில் மாட்டும் அளவுக்குச் சிறிய, குலுங்கும்போது தானே ஊளையிடாத மின்சுற்று செய்வது அப்போது எளிதாக இல்லை.

1978-இல் போஸ் நிறுவனத்தை நிறுவிய எம்ஐடி பேராசிரியர் அமர் போஸ் ஐரோப்பாவிலிருந்து பாஸ்டனுக்கு விமானத்தில் திரும்பிக்கொண்டிருந்தார். இருக்கையில் கொடுத்த ஹெட்ஃபோனில் பாட்டுக் கேட்கப் பார்த்தால், எஞ்சின் இரைச்சல் பாட்டை விழுங்கிவிட்டது. அங்கேயே காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தார். இறங்குவதற்குள் அடிப்படைக் கணிதம் கையில் இருந்தது. கணக்கு ஒரு பயணத்தில் முடிந்தது; கையில் பிடிக்கிற கருவியாக வர அடுத்த பத்தாண்டு ஓடியது. அதே காலத்தில் ஜெர்மனியில், 1984-இல் லுஃப்தான்சா விமான நிறுவனம் கேட்டதை வைத்து சென்ஹைசர் நிறுவனமும் தன் விமானிகள் ஹெட்செட்டை உருவாக்கத் தொடங்கி, 1987-இல் காட்டியது. போஸின் ஹெட்செட் கடைக்கு வந்தது 1989-இல். நடுவில் 1986-இல், இன்னும் விற்பனைக்கு வராத நிலையில், அது வாயேஜரில் ஏறியது.

உள்ளே நடப்பது இதுதான். கிண்ணத்துக்குள், ஸ்பீக்கருக்கு முன்னால், காதுத் துளைக்குப் பக்கத்தில் ஒரு சிறு மைக். அது கேட்பதில் விமானிக்கு வேண்டிய ரேடியோ பேச்சைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது இரைச்சல். அதைத் தலைகீழாக்கி ஸ்பீக்கரில் விட வேண்டும். அழுத்தம் கூடும் கணத்தில் ஸ்பீக்கர் பின்னிழுக்கும், குறையும் கணத்தில் முன்தள்ளும்.

இது ஏன் கீழ் அதிர்வெண்ணில் மட்டும் எடுபடுகிறது என்பதற்குக் காரணம் நேரம். ஸ்பீக்கருக்கும் மைக்குக்கும் நடுவில் ஒரு சென்டிமீட்டர் என்றால் ஒலி அதைக் கடக்க 29 மைக்ரோவிநாடி எடுக்கும். 80 ஹெர்ட்ஸில் ஒரு அலை முடிய 12,500 மைக்ரோவிநாடி ஆகிறது. அதில் 29 ஒரு பொருட்டே அல்ல; எதிர் ஒலி நேரத்துக்கு வந்து நிற்கும். 4,000 ஹெர்ட்ஸில் ஒரு அலைக்கு 250 மைக்ரோவிநாடிதான். அதில் 29 என்றால் ஒன்பதில் ஒரு பங்குக்கு மேல். எதிர் ஒலி போய்ச் சேரும்போது எதிராளி இடம் மாறியிருப்பான். ஸ்பீக்கர், மின்சுற்று ஆகியவற்றின் தாமதத்தையும் சேர்த்தால் சில நூறு ஹெர்ட்ஸ் வரைதான் நல்ல பலன், ஆயிரத்தை நெருங்கும்போது முடிந்துபோகிறது. அதற்குப் பக்கத்தில் ஒரு சிறு பட்டையில் சத்தம் கொஞ்சம் கூடவும் செய்யும். பலூனை ஒரு பக்கம் அமுக்கினால் இன்னொரு பக்கம் புடைக்கிற மாதிரி. நல்ல வடிவமைப்பாளர் அந்தப் புடைப்பைக் கிண்ணம் பலமாக இருக்கும் இடத்துக்குத் தள்ளிவிடுவார்.

இப்போது இரண்டு படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். கிண்ணம் கைவிடும் இடத்தில் மின்சுற்று நிற்கிறது, மின்சுற்று கைவிடும் இடத்தில் கிண்ணம் நிற்கிறது. ஆக்டிவ் ஹெட்செட் என்று நாம் சொல்வது உண்மையில் பாதி பாஸிவ் ஹெட்செட்தான். இறுக்கிப் பிடிக்க வேண்டிய தேவை குறைவதால் பட்டையைத் தளர்த்த முடிகிறது, கிண்ணத்தை லேசாக்க முடிகிறது. ஒன்பது நாள் பயணத்துக்கு, டெசிபலை விட அதுதான் பெரிய லாபம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒன்று மட்டும் மாறாது. மெத்தை சரியாக உட்காராவிட்டால் மின்சுற்றும் தோற்கும். இடுக்கு உள்ள கிண்ணத்தில் ஸ்பீக்கர் எவ்வளவு தள்ளினாலும் அழுத்தம் வெளியே ஓடிவிடும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் இறைக்கிற கதை. விமானம் குலுங்கும்போது சில ஆக்டிவ் ஹெட்செட்டுகளில் கேட்கும் டொப், டொப் என்ற சத்தம், ஸ்பீக்கர் தன் எல்லைவரை போய் முட்டுவதால் வருவது.

ரேடியோவின் ஒலி அளவு

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. மனிதக் காது கீழ் அதிர்வெண்ணுக்கு மந்தம். செவிச் சேதத்தைக் கணக்கிடப் பயன்படுத்தும் ஏ அளவுகோலில் 80 ஹெர்ட்ஸ் ஒலியிலிருந்து 22 டெசிபலுக்கு மேல் கழித்துவிடுவார்கள். அப்படியானால் கிண்ணம் மேல் அதிர்வெண்ணைத் தடுத்ததே போதாதா, அந்த உறுமலைத் துரத்த இவ்வளவு மின்சுற்று எதற்கு?

நானும் கொஞ்ச நாள் அப்படி நினைத்திருந்தேன். விட்டுப்போனது ரேடியோ. கீழ்ச் சுருதியில் ஓங்கிய சத்தம் தனக்கு மேலே உள்ள மெல்லிய சத்தங்களைக் காதுக்குள்ளேயே மறைத்துவிடும்; உள்காதின் அமைப்பு அப்படி. பேச்சைப் புரியவைக்கும் மெய்யெழுத்துகள், க, ச, ட, த எல்லாம் 1,000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் தங்கள் அடையாளத்தை வைத்திருக்கின்றன. 80-இல் உறுமுகிற எஞ்சின் அவற்றின் மேல் போர்வையைப் போட்டுவிடும். விமானி என்ன செய்வார்? கட்டுப்பாட்டு அறை சொல்லும் எண் புரியவில்லை என்றால் ரேடியோவின் ஒலி அளவைக் கூட்டுவார். கிண்ணத்துக்குள், காதிலிருந்து இரண்டு சென்டிமீட்டரில், யாரும் தடுக்காத ஸ்பீக்கர் அது. வெளி இரைச்சலிலிருந்து கிண்ணம் காப்பாற்றிய காதை, உள்ளிருந்தே ரேடியோ அடிக்கிறது.

ஆக்டிவ் சுவிட்சைப் போட்டதும் பெரும்பாலோர் செய்யும் முதல் காரியம், தங்களுக்கே தெரியாமல் கை போய் ரேடியோவின் ஒலியைக் குறைப்பது. நான் கவனித்துப் பார்த்திருக்கிறேன். குறைகிற அந்த அளவுதான் காதுக்குக் கிடைக்கும் உண்மையான லாபம். அது எந்த விளம்பர எண்ணிலும் வராது. அப்புறம் களைப்பு. நான்கு மணி நேரம் உறுமலுக்குள் உட்கார்ந்து இறங்கியவருக்கு வரும் தலைபாரத்தைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 1972-லேயே இரைச்சல், செவிச் சேதம், களைப்பு மூன்றையும் சேர்த்து ஒரே தலைப்பில் சிறு விமான ஓட்டிகளுக்கு அறிவுரைச் சுற்றறிக்கை விட்டது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தது சரியான பார்வை. ஒன்பது நாளில் தப்பாக ஒரு எண்ணைக் கேட்டால், தப்பாக ஒரு வால்வைத் திருப்பினால், பயணம் முடிந்தது.

பெட்டியில் அச்சிட்ட எண்

ஹெட்செட் வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது பெட்டியில் உள்ள என்ஆர்ஆர் எண், அதாவது இரைச்சலை எத்தனை டெசிபல் குறைக்கும் என்ற மதிப்பீடு. இது எப்படி வருகிறது என்று தெரிந்தால் அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்றும் தெரியும். அமைதியான அறையில் ஒருவரை உட்காரவைத்து, கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலி எது என்று ஹெட்செட் இல்லாமலும் மாட்டியும் பார்க்கிறார்கள். வித்தியாசம்தான் தடுப்பு. இந்தச் சோதனை தொடங்குவதே 125 ஹெர்ட்ஸில். புரொப்பெல்லர் பாடும் 80 ஹெர்ட்ஸ் இந்தக் கணக்கிலேயே இல்லை. கூடவே, ஆக்டிவ் சுற்றை இந்த முறையில் அளக்கவும் முடியாது. சுவிட்சைப் போட்டால் அதன் சொந்த மெல்லிய சீறல் சோதனை ஒலியை மறைத்துவிடும். ஆகவே ஆக்டிவ் ஹெட்செட்டின் பெட்டியில் என்ஆர்ஆர் என்று இருந்தால் அது பாஸிவ் பாதியின் எண் மட்டுமே. கனமான பச்சைக் கிண்ணம் இந்த எண்ணில் ஜெயிக்கும், விமானத்துக்குள் தோற்கும்.

மறுபக்கமும் சுத்தமில்லை. ஆக்டிவ் ஹெட்செட் விளம்பரங்களில் போடும் பெரிய எண், பெரும்பாலும் ஒரே ஒரு அதிர்வெண்ணில் கிடைத்த உச்சம். அதை என்ஆர்ஆரோடு ஒப்பிடுவது கிலோவை லிட்டரோடு ஒப்பிடுவது போல. கேட்க வேண்டியது முழு வரைபடம்: 50 ஹெர்ட்ஸிலிருந்து 8,000 வரை, சுவிட்ச் போட்டும் போடாமலும் இரண்டு கோடுகள்.

கேட்க வேண்டிய சத்தம்

இரைச்சலோடு சேர்த்து, கேட்க வேண்டியதும் போய்விடுமே என்ற பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமே 2007-இல் இது பற்றித் தனியே எச்சரித்தது: ஹெட்செட் வழியாக வராத எச்சரிக்கை மணிகளை, இரைச்சல் குறைக்கும் ஹெட்செட் போட்டவர் கவனிக்காமல் போகலாம், பறந்து பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள் என்று. ஆனால் இதிலும் எந்தச் சத்தத்தை எந்த முறை குறைக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். செஸ்னா 172-இன் ஸ்டால் எச்சரிக்கை (இறக்கை தூக்கும் சக்தியை இழக்கப் போகிறது என்று சொல்வது), இறக்கையின் முன்விளிம்புத் துளை காற்றை உறிஞ்சுவதால் ஊதும் ஒரு சிறு ஊதுகுழல். அதன் குரல் உயரத்தில் இருப்பது. அதை மங்கவைப்பது பெரும்பாலும் கிண்ணம், மின்சுற்று அல்ல. மாறாக, ஒரு சிலிண்டர் சரியாக வெடிக்காமல் எஞ்சின் தடுமாறுகிறது என்றால் அந்தச் சேதி கீழ் அதிர்வெண்ணில் வருகிறது. ஆக்டிவ் அதை மெல்லியதாக்கும். ஆனால் அதிர்வாக அது இருக்கையிலும் கைப்பிடியிலும் வந்துகொண்டேதான் இருக்கும்.

வாயேஜரிலும் கடைசிக் கட்டத்தில் அப்படி ஒரு கணம் வந்தது. வீட்டுக்குச் சில மணி நேரமே இருக்க, மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா கடலோரத்தில், இருட்டில், ஓடிக்கொண்டிருந்த பின் எஞ்சின் எரிபொருள் வராமல் நின்றுவிட்டது. சில நிமிடம் எஞ்சினே இல்லாமல் உயரம் இழந்துகொண்டே வந்தார்கள். முன் எஞ்சினை உயிர்ப்பித்த பிறகுதான் நிலைமை கைக்கு வந்தது. எஞ்சின் நின்றால் எந்த ஹெட்செட்டிலும் தெரிந்துவிடும். நிற்பதற்கு முந்தைய தடுமாற்றத்தைத்தான் காதும் உடம்பும் பழகி வைத்திருக்க வேண்டும். அதனால், புதிதாக ஆக்டிவ் வாங்கியவர் முதல் சில பறப்புகளில் சுவிட்சைப் போட்டும் அணைத்தும் தன் எஞ்சினின் குரலைப் பழகிக்கொள்வது நல்லது.

பேட்டரி தீர்ந்தால் என்ன ஆகும் என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி. ஆக்டிவ் அப்போது வெறும் பாஸிவாகிவிடும். ரேடியோ கேட்கும், ஆனால் லேசான கிண்ணம், தளர்ந்த பட்டை என்பதால் பச்சைக் கிண்ணத்தை விடச் சுமாரான பாஸிவ். உறுமல் திடீரென்று திரும்பி வரும். இரண்டு பேட்டரியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வதற்கு அதுவே போதுமான காரணம்.

எதை வாங்குவது என்று என்னைக் கேட்டால், வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் பிஸ்டன் விமானத்தில் பறக்கிறவர், கையில் பணம் இருந்தால் ஆக்டிவ்தான் வாங்க வேண்டும் என்பேன். போன செவித்திறன் திரும்பி வராது. பணம் இல்லாத மாணவர் பாஸிவை நினைத்து வெட்கப்பட வேண்டியதே இல்லை. அதன் அடியில் நுரைக் காதடைப்பான் போட்டுக்கொண்டு ரேடியோவைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டால், ஸ்பீக்கரின் சத்தமும் சேர்ந்து வடிகட்டப்பட்டே காதுக்கு வரும், காது பத்திரமாக இருக்கும். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் மெத்தையைப் பாருங்கள். பயிற்சி விமானங்களில் தொங்கும் ஹெட்செட்டுகளில் பாதிக்கு மேல் மெத்தை வெயிலில் காய்ந்து, விளிம்பு வெடித்து, கட்டை போல இறுகியிருப்பதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். கிண்ணத்தின் விளிம்பிலிருந்து பழையதை உரித்து, ஜெல் வைத்த புதியதை இழுத்து மாட்ட வேண்டும். கண்ணாடிக்காரர்கள் மெல்லிய கம்பிக் கை வைத்த சட்டத்துக்கு மாறிக்கொள்ளலாம். எஞ்சின் ஓடும்போது கண்ணாடிக் கைக்குப் பக்கத்தில் விரலால் மெத்தையை ஒரு முறை அழுத்திப் பாருங்கள். உறுமல் சட்டென்று இறங்கினால் இடுக்கு அங்கேதான் இருக்கிறது.